வானில் இரண்டு நிலவா? நூலகத்தைக் கேளுங்கள்!

"ஆகஸ்ட் 27-ஆம் தேதி நள்ளிரவு 12.30 மணிக்கு வானத்தைப் பாருங்கள். செவ்வாய்க் கிரகம் பூமிக்கு மிக அருகில் வருகிறது. முழு நிலவு அளவுக்குப் பெரிதாகத் தெரியும். வானில் இரண்டு நிலவுகள் இருப்பதுபோல் தோன்றும். இதைத் தவறவிட்டால் இனி 2287-இல்தான்! எல்லோருக்கும் சொல்லுங்கள்."

நண்பர்களே, இப்படி ஒரு செய்தி உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கு வந்ததுண்டா? 2003-ஆம் ஆண்டுக்குப் பிறகு, ஆகஸ்ட் மாதம் பிறந்தாலே இந்தச் செய்தியும் கூடவே பிறந்துவிடும். முதலில் மின்னஞ்சலில் வந்தது. பிறகு குறுஞ்செய்தியாக வந்தது. அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்தது. உடை மாறியது, ஆள் மாறவில்லை.

இதை நம்பி நள்ளிரவில் தம்பி, தங்கையை எழுப்பி மொட்டைமாடிக்கு அழைத்துப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இரண்டாவது நிலவு இருக்காது. தூக்கம் போனது பெரிய நஷ்டமில்லை. ஆனால் "இந்த விஞ்ஞானிகள் சொல்வதெல்லாம் இப்படித்தான்" என்ற எண்ணம் அந்தச் சின்ன மனத்தில் விழுந்துவிட்டால்? அது பெரிய நஷ்டம். விஞ்ஞானிகள் அப்படிச் சொல்லவே இல்லையே!

சரி, செய்தி உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கான கருவிகள் உங்கள் பள்ளி நூலகத்திலேயே இருக்கின்றன. வாருங்கள், உள்ளே போகலாம். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போவோம்.

முதல் கேள்வி: யார் சொன்னது?

அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு நூலை எடுங்கள். முதல் சில பக்கங்களைப் புரட்டுங்கள். ஆசிரியர் பெயர், பதிப்பகத்தின் பெயர், ஊர், வெளிவந்த ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்பதெல்லாம் அச்சிட்டிருக்கும். நாம் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் படிக்காமலே தாண்டிவிடுவோம். ஆனால் நூலின் பிறப்புச் சான்றிதழ் இதுதான். நூலில் தவறு இருந்தால் யாரைக் கேட்பது என்பது இதிலிருந்து தெரியும்.

இப்போது நமது செவ்வாய்ச் செய்திக்கு வாருங்கள். இதன் பிறப்புச் சான்றிதழ் எங்கே? எழுதியவர் பெயர் இல்லை. எந்த வானாய்வகம் என்ற விவரம் இல்லை. "எல்லோருக்கும் சொல்லுங்கள்" என்ற கட்டளை மட்டும் இருக்கிறது. நோட்டில் எழுதுங்கள்: "சொன்னவர் யாரென்று தெரியவில்லை."

இதனாலேயே செய்தி பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெயர் இல்லாத செய்தியும் உண்மையாக இருக்கலாம். ஆகவே மேலே போவோம்.

இரண்டாம் கேள்வி: எப்போது சொன்னது?

ஆகஸ்ட் 27 என்று செய்தி சொல்கிறது. எந்த ஆண்டு ஆகஸ்ட் 27? அது இல்லை!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் உண்மையிலேயே பூமிக்கு மிக அருகில் வந்தது. அன்று இரண்டுக்கும் இடையிலிருந்த தொலைவு ஏறத்தாழ 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர். கிட்டத்தட்ட 60,000 ஆண்டுகளில் அவ்வளவு நெருக்கமாக வந்ததில்லை. அடுத்து அதைவிட நெருங்கி வரப்போவது 2287-இல் என்பதும் சரியே. ஆகவே செய்தியில் பாதி உண்மை! பாதி உண்மை உள்ள செய்திகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

செவ்வாய் ஒவ்வோர் ஆகஸ்டிலும் நெருங்கி வருமா? நூலகத்தில் வானியல் நூல்கள் உள்ள தட்டுக்குப் போங்கள். டூயி தசமப் பகுப்பு முறையில் நூல்களை அடுக்கியிருந்தால் 520 என்ற எண்ணைத் தேடுங்கள். செவ்வாயைப் பற்றிய அத்தியாயத்தில் இந்தச் செய்தி கிடைக்கும்: பூமியும் செவ்வாயும் சூரியனைச் சுற்றும் வேகம் வேறு வேறு. பூமி சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் செவ்வாயை எட்டிப் பிடித்துத் தாண்டிச் செல்கிறது. அப்போதுதான் இரண்டும் நெருங்கியிருக்கும். 12 மாதங்களுக்கு ஒருமுறை அது நடக்க வழியே இல்லை.

2003-க்கு அடுத்த ஆண்டையே பாருங்கள். 2004 ஆகஸ்ட் கடைசியில் செவ்வாய் சூரியனுக்கு அப்பால், ஏறக்குறைய 40 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. சூரிய ஒளியில் மறைந்து, கண்ணுக்கே தெரியவில்லை! ஆண்டைத் தொலைத்துவிட்ட செய்தி எவ்வளவு தூரம் வழி தவறிவிடுகிறது, பார்த்தீர்களா?

மூன்றாம் கேள்வி: எப்படித் தெரியும்?

"முழு நிலவு அளவு" என்கிறார்களே, அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கலைக்களஞ்சியத்தையும் வானியல் நூலையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய எண்கள் இவை:

நிலவின் விட்டம் 3,474 கி.மீ.; சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ.
செவ்வாயின் விட்டம் சுமார் 6,790 கி.மீ.; 2003-இல் இருந்த தொலைவு சுமார் 5,58,00,000 கி.மீ.

ஒரு பொருள் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது அதன் விட்டத்தை மட்டும் பொறுத்ததல்ல, தொலைவையும் பொறுத்தது. தூரத்து மலையைக் கட்டைவிரலால் மறைத்துவிடலாம் அல்லவா? ஆகவே தொலைவை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள்.

நிலவு தன் விட்டத்தைப் போல் சுமார் 111 மடங்கு தொலைவில் இருக்கிறது. செவ்வாயோ தன் விட்டத்தைப் போல் சுமார் 8,200 மடங்கு தொலைவில் இருந்தது. 8,200-ஐ 111-ஆல் வகுத்தால் சுமார் 74 வருகிறது. அதாவது, மிக மிக நெருங்கி வந்த அந்த நாளிலும் செவ்வாயின் தோற்றம் முழு நிலவில் 74-இல் ஒரு பங்கு அகலமே இருந்தது.

நம்பிக்கை வரவில்லையா? செய்து பாருங்கள். ஒரு வெள்ளை அட்டையில் 14.8 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வரைந்து கறுப்பு மை தீட்டுங்கள். பக்கத்தில் 2 மில்லிமீட்டர் அகலத்தில், ஒரு கடுகளவு, கறுப்புப் புள்ளி வையுங்கள். வட்டம் நிலவு, புள்ளி செவ்வாய். அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு 16 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். வட்டம் வானில் முழு நிலவு தெரியும் அளவில் தெரியும். புள்ளி தெரிகிறதா? தெரிந்தாலும் அது ஒரு வட்டம் என்று உங்களால் சொல்ல முடியாது.

இந்த 74 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். இதில் ஒரு துப்பு இருக்கிறது!

2003-இல் முதலில் பரவிய செய்தியில், 75 மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி வழியே பார்த்தால் செவ்வாய், வெறும் கண்ணால் பார்க்கும் முழு நிலவு அளவுக்குத் தெரியும் என்றே இருந்தது. நம் கணக்கில் வந்த எண்ணும் அதுதானே! அந்த வாக்கியம் சரியானதே. ஆனால் கை மாறி மாறிச் சென்றபோது தொலைநோக்கியைப் பற்றிய முன்பாதி ஒரு வரியிலும், நிலவைப் பற்றிய பின்பாதி வேறொரு வரியிலுமாகப் பிரிந்தது. படித்தவர்கள் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு முன்பாதி காணாமலே போயிற்று. யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லத் தேவையில்லை. அரை வாக்கியத்தை விட்டுவிட்டால் போதும், மெய்யே பொய்யாகிவிடும்.

இதில் வருத்தம் என்ன தெரியுமா? அந்த நாட்களில் எல்லா விண்மீன்களையும் மிஞ்சிய ஒளியோடு, செக்கச்செவேல் என்று செவ்வாய் வானில் நின்றது. இரண்டாவது நிலவைத் தேடிய கண்கள் அந்த அருமையான காட்சியைக் கவனிக்காமல் திரும்பியிருக்கும்.

நான்காம் கேள்வி: வேறு யார் சொல்கிறார்கள்?

"நூலில் இருந்தால் உண்மைதான், கைப்பேசியில் வந்தால் பொய்தான்" என்று எண்ணிவிடாதீர்கள். அச்சில் வந்த பொய்யும் உண்டு.

1835 ஆகஸ்டில் நியூயார்க் நகரின் 'சன்' என்ற நாளிதழ் ஆறு கட்டுரைகளை வெளியிட்டது. ஜான் ஹெர்ஷல் என்ற புகழ்பெற்ற வானியலார் புதிய தொலைநோக்கியால் நிலவில் காடுகளையும் விலங்குகளையும், வௌவால் சிறகுடைய மனிதர்களையும் கண்டார் என்று அவை கூறின. ஹெர்ஷல் உண்மையான விஞ்ஞானி. அப்போது அவர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்ததும் உண்மை. கட்டுரைகள் மட்டும் முழுக் கற்பனை! அவருக்கே அவை பற்றித் தெரியாது. எடின்பரோ அறிவியல் இதழ் ஒன்றிலிருந்து எடுத்ததாக நாளிதழ் சொன்னது. ஆனால் அந்த இதழ் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. ஒரு நல்ல நூலகத்தில் அந்த இதழைத் தேடியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

நல்ல நூலிலும் பழைய செய்தி இருக்கலாம். உங்கள் நூலகத்தில் 2006-க்கு முன் வந்த வானியல் நூல் இருந்தால் அதில் கிரகங்கள் ஒன்பது என்று இருக்கும். 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் சங்கம் 'கிரகம்' என்பதற்கு வரையறை வகுத்து, புளூட்டோவைக் குறுங்கோள் என்று பிரித்துவிட்டது. எனவே பிறகு வந்த நூல்களில் எட்டு. பழைய நூலின் ஆசிரியர் பொய் சொல்லவில்லை; அவர் காலத்தில் அதுவே சரி. வெளிவந்த ஆண்டைப் பார்க்காத நாம்தான் தவறு செய்வோம்.

அதனால்தான் ஒரு நூலோடு நிறுத்தாமல் இரண்டு, மூன்று நூல்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூலகம் என்பது உயிருள்ள ஒன்றைப்போல் வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாம் விதியின் கருத்து. பழைய நூலுக்குப் பக்கத்தில் புதிய நூல் வந்து உட்காரும்போது நம் அறிவும் திருந்துகிறது.

விளையாட்டல்ல!

செவ்வாய்ச் செய்தியால் யாருக்கும் ஆபத்தில்லை என்று நினைக்கலாம். 2015 நவம்பர், டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். "250 செ.மீ. மழை கொட்டப்போகிறது, நாசா சொல்லிவிட்டது" என்று ஒரு வதந்தி கைப்பேசிகளில் பரவியது. ஏற்கெனவே தண்ணீரில் தவித்த மக்கள் மேலும் நடுங்கினார்கள்.

நூலகத்தில் என்ன கிடைக்கும்? சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே சுமார் 140 செ.மீ.தான். உலகில் 24 மணி நேரத்தில் பதிவான மிக அதிக மழை 182.5 செ.மீ. அது 1966-இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் பெய்தது. இந்த இரண்டு எண்களும் தெரிந்தவர் 250 என்றதும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்.

அதே நாட்களில் உண்மையான பெருமழையும் வந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. 'புலி வருது' கதை நினைவிருக்கிறதா? பொய் எச்சரிக்கைகளைக் கேட்டுச் சலித்தவர்கள் உண்மையான எச்சரிக்கை வரும்போது அசையாமல் இருந்துவிடலாம். வதந்தியால் வரும் பெரிய கேடு இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் நூலகரிடமோ அறிவியல் ஆசிரியரிடமோ கேட்டு, நூலகச் சுவரில் ஒரு பலகை வையுங்கள். வாரம் ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நாளிதழ்ச் செய்தி, விளம்பரம், கைப்பேசிச் செய்தி எதுவானாலும் சரி. நான்கு கேள்விகளையும் கேட்டு, பார்த்த நூல்களின் பெயரையும் ஆண்டையும் பக்க எண்ணையும் குறித்து, பலகையில் எழுதுங்கள். பலகையில் மூன்று கட்டங்கள் இருக்கட்டும்: 'உண்மை', 'தவறு', 'இன்னும் தெரியவில்லை'. மூன்றாவது கட்டத்தில் எழுத வெட்கப்பட வேண்டாம். விஞ்ஞானிகள் அதிகம் பயன்படுத்துவது அந்தக் கட்டத்தைத்தான்.

தவறு என்று தெரிந்ததும் செய்தி அனுப்பிய மாமாவையோ பாட்டியையோ கேலி செய்யாதீர்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார்கள். அந்தக் கறுப்பு வட்ட அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 16 மீட்டர் தள்ளி நின்று அவர்களும் பார்க்கட்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: "நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் வெறும் கண்ணுக்குத் தெரியும்" என்று சொல்வதுண்டு. சுவரின் அகலம் பல இடங்களில் ஏறத்தாழ 6 மீட்டர். 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு தலைமுடியை எவ்வளவு தொலைவில் வைத்துப் பார்ப்பதற்கு இது சமம்?

(விடை: சுமார் 6.4 கிலோமீட்டர். சுவர் தெரியுமா, தெரியாதா என்பதை நீங்களே சொல்லுங்கள்!)