நாணயத்தின் இரு மதிப்புகள்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ஒரு வணிகரை ‘நாணயமானவர்’ என்று ஊர் சொல்லும்போது, அவரது கல்லாப்பெட்டியில் எத்தனை காசு இருக்கிறது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விரு பொருள்களும் ஒரே சொல்லில் வந்து அமைந்ததன் பொருத்தம், காசின் வரலாற்றைக் கற்பவருக்கு நன்கு விளங்கும். ஏனெனில் காசு ஒவ்வொன்றிலும் இரு மதிப்புகள் உறைகின்றன. அதன் முகத்தில் பொறிக்கப்பட்ட மதிப்பு ஒன்று. அது அரசு தரும் வாக்கு. உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் மதிப்பு மற்றொன்று. வாக்கை நம்புகிறவன் காசைக் கைமாற்றுகிறான். உலோகத்தை மட்டும் நம்புகிறவன் அதைப் பானையில் இட்டுப் புதைக்கிறான்.

நமது ரூபாயின் வரலாறு இதற்கு நல்லதொரு பாடம். ‘ரூபாய்’ என்ற பெயரே வெள்ளியைக் குறிக்கும் ‘ரூப்ய’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஷேர் ஷா வெளியிட்ட வெள்ளிக்காசு அப்பெயரை நிலைநிறுத்தியது. 1835-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி தனது ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை வகுத்தது. எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எடைக்கல் இல்லாத இடத்தில் ரூபாயே எடைக்கல்லாகப் பயன்பட்டது. காசு மாற்றும் சராபுகள் அதைக் கல்லில் தட்டி ஒலி கேட்டே தரம் அறிந்தனர். காசுகளைப் பையிலிட்டுக் குலுக்கி, உதிரும் வெள்ளித் துகளைச் சேர்ப்போரும் இருந்தனர். விளிம்பைச் சுரண்டுவோரும் இருந்தனர். காசின் ஓரத்தில் வரிவரியாகக் கோடுகள் இடப்படுவது, சுரண்டினால் உடனே தெரியவேண்டும் என்பதற்காகத்தான். சிறுவர்கள் அழகுக்காக என்று எண்ணும் அக்கோடுகள் மனிதப் பேராசைக்கு இட்ட வேலியாகும்.

அடைபட்ட கதவு

அக்காலத்தில் எவரும் வெள்ளியை நாணயச்சாலைக்குக் கொண்டு சென்று, சிறு கட்டணம் செலுத்தி, ரூபாயாக அடித்துப் பெறலாம். எனவே உழவர் குடும்பத்தில் பெண்கள் அணிந்த வெள்ளிக் காப்பும் கொலுசும் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. வங்கியின் நிழல்கூட விழாத கிராமத்தில் அவையே சேமிப்பு. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது அத்தகைய நகைகள் பெருமளவில் பம்பாய் நாணயச்சாலையை வந்தடைந்து ரூபாய்களாயின. அந்த வெள்ளி பல உயிர்களைக் காத்திருக்கும். ஆகவே உலோகம் சேர்த்தவர் எல்லோரையும் பேராசைக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது முறையன்று. முன்னெச்சரிக்கை வேறு, பதுக்கல் வேறு.

உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்ததால், 1893 ஜூனில் அரசு இந்தக் கதவை அடைத்தது. அதன்பின் பொதுமக்கள் கொண்டுவந்த வெள்ளி நாணயமாக அடித்துத் தரப்படவில்லை. ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்ற அளவில் நிலைபெற்றது. அதிலிருந்த வெள்ளியோ அதைவிடக் குறைந்த விலையுடையது. ஒரே இரவில் ஏழையின் காப்புக்கும் ரூபாய்க்கும் இருந்த உறவு அறுந்தது. தோலாவுக்குத் தோலா மாறிவந்த வெள்ளி இனிச் சந்தை விலைக்கே விலைபோகும். ரூபாயும் அன்றுமுதல் பெரிதும் வாக்காலேயே நின்றது.

வெள்ளி விலை ஏறியபோது

முதல் உலகப்போர் இந்நிலையைத் தலைகீழாக்கியது. வெள்ளியின் விலை ஓர் அவுன்சு 43 பென்ஸைத் தாண்டினால், ரூபாயைச் செலவிடுவதைவிட உருக்குவதே லாபம் என்பது கணக்கு. 1917-இல் விலை அந்த எல்லையைக் கடந்தது. 1920 பிப்ரவரியில் 89 பென்ஸையும் தாண்டியது. காசு வீதியிலிருந்து மறையத் தொடங்கியது. மட்டமான பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும் என்று பொருளியலார் கூறும் விதி இதுவே. இரண்டு காசுகள் ஒரே மதிப்பில் செல்லுமானால், மனிதன் மட்டமானதைக் கொடுத்துவிட்டு உயர்ந்ததை வைத்துக்கொள்வான். இதைச் செய்ய அவன் தீயவனாக இருக்கவேண்டியதில்லை. சற்றே அஞ்சினால் போதும்.

1917-இல் காசுகளை உருக்குவதை அரசு தடைசெய்தது; முகமதிப்புக்கு மேல் விற்பதையும் தடைசெய்தது. அவ்வாண்டின் இறுதியில் முதல் ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. இரண்டணா, நாலணா, எட்டணாக் காசுகள் அடுத்தடுத்து நிக்கல் கலந்த உலோகத்துக்கு மாறின. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டோர் கூட்டம் கருவூலங்களை நெருக்கியது. 1918-இல் அமெரிக்கா ‘பிட்மன் சட்டம்’ இயற்றித் தனது வெள்ளி டாலர்களை உருக்கி, 20 கோடி அவுன்சு வெள்ளியை இந்தியாவின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்றது. ஒரு கண்டத்தின் காசு உருகி, மற்றொரு கண்டத்தின் காசாகி, அங்கும் பானைகளுக்குள் சென்று மறைந்தது!

இந்த நாட்களில் மிகுந்த துன்பம் யாருக்கு நேர்ந்தது என்பதே கருதவேண்டியது. செல்வரிடம் வெள்ளி இருந்தது. அவர் காத்திருக்க முடியும். கூலியாகவோ விளைபொருளின் விலையாகவோ காகித நோட்டைப் பெற்றவருக்கு அன்று மாலையே உப்பும் அரிசியும் வேண்டும். நோட்டைச் சில்லறையாக மாற்றச் சென்றால் வட்டம் பிடித்துக்கொண்டே கொடுத்தனர். பானைக்குள் உறங்கிய ரூபாயின் விலையில் ஒரு பகுதியை, அதைக் கண்ணாலும் காணாத ஒருவர் தமது கூலியிலிருந்து செலுத்தினார்.

இரண்டாம் உலகப்போரில் இதே கதை மீண்டும் நிகழ்ந்தது. 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்த செய்தி வந்ததும், நோட்டுகளை வெள்ளியாக மாற்ற மக்கள் விரைந்தனர். சொந்தத் தேவைக்கும் தொழில் தேவைக்கும் மேல் காசு சேர்ப்பது குற்றம் என்று அம்மாதமே அரசு ஆணையிட்டது. ஒரு ரூபாய் நோட்டு மீண்டும் வந்தது. ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் ரூபாய்கள் 1941-க்கும் 1943-க்கும் இடையே படிப்படியாகச் செல்லாக்காசுகளாயின. செம்பும் தட்டுப்பட, 1943-இல் நடுவில் துளையிட்ட காலணா பிறந்தது. சில்லறைப் பஞ்சத்தில் கடைக்காரர்கள் தபால்தலைகளை மீதியாகக் கொடுத்தனர். பீகானேர், ஜூனாகத் முதலிய சமஸ்தானங்கள் காசுக்குப் பதிலாகச் சிறு அட்டைச் சீட்டுகளை அச்சிட்டன. 1947-இல் ரூபாய் முழுதும் நிக்கலாயிற்று. போரின்போது அமெரிக்கா கடனாகக் கொடுத்த வெள்ளியைத் திருப்பித் தர, பின்னர் சுதந்திர இந்தியா புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்ற அந்தப் பாதிவெள்ளிக் காசுகளை உருக்கிப் பிரித்தது. தனிமனிதருக்கு விலக்கப்பட்ட செயலை அரசே செய்யவேண்டி நேர்ந்தது.

பதுக்கியவர் கணக்கு

இங்கு ஒரு வினா எழும். பழைய ரூபாயைப் பதுக்கியவர் ஏமாந்தாரா? நேர்மையாகச் சொன்னால், இல்லை. முகமதிப்பு போனாலும் வெள்ளி போகவில்லை. பத்து கிராமுக்கு மேல் தூய வெள்ளி கொண்ட அந்த ஒரு ரூபாய், இன்றைய விலையில் ஆயிரம் ரூபாய்க்கும் மேல் பெறும். அதே நாளில் பத்திரப்படுத்திய ஒரு ரூபாய் நோட்டோ இன்றும் ஒரு ரூபாய்தான். ‘பேராசை பெருநட்டம்’ என்று எளிதாகச் சொல்லி முடித்துவிட இவ்வரலாறு இடந்தரவில்லை. நட்டமடைவான் என்பதற்காகவே ஒருவன் பதுக்கலை விடுவானாயின், லாபம் தெரிந்த நாளில் மீண்டும் தொடங்கிவிடுவான்.

பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் இயமங்களை ஐந்தாக வகுக்கும்போது, திருடாமையைக் கூறிய பின்னரும் அபரிக்ரகத்தைத் தனியே கூறுகிறது. பதுக்குகிறவன் எவருடைய பொருளையும் திருடவில்லை. தன் பொருளைத் தானே வைத்திருக்கிறான். திருடாமை என்னும் சட்டத்துக்குள் அவன் அகப்படான். அதனால்தான் அபரிக்ரகம் தனியே தேவைப்படுகிறது. வியாச பாஷ்யம் இதை விளக்குமிடத்தில் பொருளின் குற்றங்களாக ஈட்டுதல், காத்தல், குறைதல், பற்று ஆகியவற்றோடு இம்சையையும் சேர்க்கிறது. முதல் நான்கும் உடையவனையே வருத்துவன. ஐந்தாவது பிறரைத் தொடுகிறது. பூட்டிய பெட்டியில் என்ன இம்சை இருக்கமுடியும் என்று ஐயுறுவோர்க்கு, 1918-இல் வட்டம் கொடுத்து நோட்டு மாற்றிய கூலியாளே விடை.

காத்தலின் துன்பத்தையும் சிறிது எண்ணலாம். ராஜஸ்தானத்தில் பயானாவுக்கு அருகே 1946-இல் குப்தர் காலப் பொற்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து மீட்கப்பட்டவை 1,821 காசுகள். நாணயவியலாருக்கு அது பெரும் பேறு; சமுத்திரகுப்தர், இரண்டாம் சந்திரகுப்தர் ஆகியோரின் அரிய காசு வகைகள் பல அதனால் வெளிப்பட்டன. ஆனால் அதைப் புதைத்தவர் நாணயவியலுக்காகப் புதைக்கவில்லை. ஏதோ ஓர் அச்சத்தில் மண்ணுக்குள் வைத்தார். திரும்பி எடுக்க வரவில்லை. கண்டெடுக்கப்படும் புதையல் ஒவ்வொன்றும் அத்தகைய திரும்பாத ஒருவரது கதையே.

பொன்னும் வெள்ளியும் போனபின் இவ்வியல்பு அடங்கிவிடும் என்று எண்ணலாம். அவ்வாறு நிகழவில்லை. சிறு காசுகளைத் தேவைக்கு மேல் பதுக்குவதையும் உருக்குவதையும் குற்றமாக்க 1971-இல் தனிச் சட்டமே இயற்றவேண்டியிருந்தது. அதன் இடத்தில் வந்த 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, காசை உருக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இடையே 2007-இல் கிழக்கிந்தியாவிலிருந்து வியப்பான செய்தி ஒன்று வந்தது. துருப்பிடிக்காத எஃகினாலான ஒரு ரூபாய்க் காசுகள் எல்லை கடந்து வங்காளதேசத்துக்குக் கடத்தப்பட்டு, சவர பிளேடுகளாக மாறுகின்றன என்பதே அது. ஒரு காசிலிருந்து ஐந்து முதல் ஏழு பிளேடுகள் வரை கிடைத்தனவாம். அரசரின் தலை பொறித்த வெள்ளிக்கு நேர்ந்தது, ஏழைக்கு மீதி கொடுக்கும் எஃகுக்கும் நேர்ந்தது.

அசாமின் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் அப்போது கூலி கொடுக்கச் சில்லறை கிடைக்கவில்லை. நிர்வாகங்கள் காசின் மதிப்பை எழுதிய அட்டைத் துண்டுகளைத் தொழிலாளரிடம் கொடுத்தன. அவற்றில் உருக்குவதற்கு ஒன்றுமில்லை. தோட்டத்தின் எல்லைக்குள் அவற்றைக் கொடுத்து வாங்கியும் விற்றும் வந்தனர். எல்லைக்கு வெளியே அவை வெறும் அட்டைகள்.