“சும்மா ஒரு கையெழுத்துதானே மாப்ள!”: டைரக்டர் ஆகுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

இந்த வார வீடியோவுல பத்து நிமிஷத்துல சொன்ன விஷயத்தை இங்க கொஞ்சம் விரிவா, கணக்கோட பார்க்கலாம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்க வீடு விழுப்புரம். சென்னையில வேலை, கைக்கு மாசம் 45,000 ரூபாய் வருது. திண்டிவனத்துல இருக்கிற உங்க மாமா கடலை எண்ணெய் வியாபாரத்தைப் பெருசாக்கணும்னு பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பிக்கிறார். சட்டப்படி பிரைவேட் கம்பெனிக்குக் குறைஞ்சது 2 டைரக்டர் வேணும். “நீ ஒண்ணும் பண்ண வேணாம் மாப்ள, ஆதாரும் பானும் குடு, வர்ற ஓடிபியைச் சொல்லு, அவ்ளோதான்”னு சொல்றார். சம்பளம் கிடையாது. வேலையும் கிடையாது. பேர் மட்டும்.

மாமா கெட்டவர் இல்ல. ஆனா சட்டத்துல “பேருக்கு டைரக்டர்”னு ஒரு பதவியே கிடையாது. இது முதல்ல மனசுல பதியணும்.

பேரைக் குடுத்தா என்னென்ன கூட வரும்?

1. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 166: டைரக்டர் நல்லெண்ணத்தோட, நியாயமான கவனத்தோட, சொந்தமா யோசிச்சு முடிவெடுக்கணும். மீறினா 1 லட்சத்துலேர்ந்து 5 லட்சம் வரைக்கும் அபராதம். “எனக்கு ஒண்ணும் தெரியாது”ங்கிறது பதில் இல்ல, அதுவே கவனக்குறைவுக்குச் சாட்சி.

2. பிரிவு 164(2): கம்பெனி தொடர்ந்து 3 நிதியாண்டு வரவு செலவு அறிக்கையோ ஆண்டு அறிக்கையோ தாக்கல் பண்ணலைன்னா, அதுல இருக்கிற டைரக்டர்களுக்கு 5 வருஷத் தகுதியிழப்பு. நாளைக்கு நீங்களே சொந்தமா கம்பெனி ஆரம்பிக்க நினைச்சாலும் அதுல டைரக்டர் ஆக முடியாது.

3. வரி பாக்கி: பிரைவேட் கம்பெனிகிட்ட வசூல் பண்ண முடியாத வருமான வரியை டைரக்டர்கள்கிட்ட கேட்கலாம். தன் பக்கம் பெரிய அலட்சியமோ கடமை தவறலோ இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது டைரக்டர்தான். 1961 வருமான வரிச் சட்டத்துல இது பிரிவு 179. ஜிஎஸ்டி சட்டத்துல பிரிவு 89-ம் இதே மாதிரிதான்.

4. செக் திரும்பினா: மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138, 141. டைரக்டர்ங்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தரைப் பொறுப்பாக்க முடியாது, அன்றாட நடவடிக்கைக்கு அவர் பொறுப்பா இருந்திருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2005-ல தெளிவா சொல்லிடுச்சு. ஆனா செக்ல கையெழுத்து உங்களுதுன்னா அந்தப் பாதுகாப்பு போச்சு.

5. உங்க ஐடி ரிட்டர்ன்: வருஷத்துல ஒரு நாள் டைரக்டரா இருந்தாலும் ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-2-ல டிஐஎன் நம்பரோட விவரம் குடுக்கணும். சம்பளக்காரங்க நிறைய பேர் தவறவிடுறது இதைத்தான். கூடவே உங்க ஆஃபீஸ் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் எடுத்துப் பாருங்க, வேற கம்பெனியில பதவி வகிக்க முன் அனுமதி வேணும்னு அதுல இருக்கலாம்.

தாமதக் கட்டணம்: ஒரு சின்ன கணக்கு

வருஷா வருஷம் முக்கியமா 2 படிவம்: ஏஓசி-4, அப்புறம் எம்ஜிடி-7 (சின்ன கம்பெனின்னா எம்ஜிடி-7ஏ). தாமதமானா ஒரு படிவத்துக்கு நாளுக்கு 100 ரூபாய். இதுக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரு வருஷத்துப் படிவங்கள் 365 நாள் தாமதம்னா 100 x 2 x 365 = 73,000 ரூபாய். அந்த வருஷம் கம்பெனியில ஒரு ரூபாய் வியாபாரம் நடக்கலைன்னாலும் இதே தொகைதான். “கம்பெனி ஓடலையே, எதுக்கு ஃபைல் பண்ணணும்?”னு விட்டுடறவங்க மாட்டிக்கிறது இங்கதான்.

2017-ல என்ன நடந்துச்சு?

2017 செப்டம்பர்ல மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் ஒரே மூச்சுல பட்டியல் வெளியிட்டுச்சு. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவேட்டுலேர்ந்து நீக்கம். நாடு முழுக்க 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்களுக்குத் தகுதியிழப்பு. போலி கம்பெனிகளை ஒழிக்கிறதுதான் நோக்கம். ஆனா அந்த வலையில சும்மா கையெழுத்து போட்டவங்களும் மாட்டினாங்க. ஓடாத ஒரு கம்பெனியால, நல்லா ஓடிட்டிருந்த இன்னொரு கம்பெனியிலயும் டைரக்டர் பதவிக்குச் சிக்கல் வந்துச்சு.

விழுப்புரம், திண்டிவனம் கம்பெனிகள் சென்னைப் பதிவாளர் கீழ வருது. தமிழ்நாட்டு டைரக்டர்கள் பலர் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. 2018 ஆகஸ்ட் 3-ம் தேதி தனி நீதிபதி அந்தத் தகுதியிழப்பை ரத்து பண்ணினார். 2020 அக்டோபர் 9-ம் தேதி டிவிஷன் பெஞ்சும் டைரக்டர்களுக்குச் சாதகமா தீர்ப்பு குடுத்துச்சு. டிஐஎன் நம்பரை முடக்க அந்தப் பிரிவு பதிவாளருக்கு அதிகாரம் தரலைன்னும் சொல்லுச்சு. ஆனா இதை நம்பி உட்காராதீங்க. தகுதியிழப்பு சட்டப்படி தானாவே வருது, முன்கூட்டி நோட்டீஸ் தேவையில்லைன்னு டெல்லி ஹைகோர்ட் 2019-ல சொல்லியிருக்கு.

இடையில அரசு 2018 ஆரம்பத்துல ஒரு மன்னிப்புத் திட்டமும் கொண்டு வந்துச்சு. பாக்கி படிவங்களைத் தாமதக் கட்டணத்தோட தாக்கல் பண்ணி, கூடுதலா 30,000 ரூபாய் கட்டணும். சம்பளமே வாங்காத பதவிக்கு 30,000!

டைரக்டருக்காக யார் பேசுறாங்க?

இதை ஏன் சொல்றேன்னா, ஐரோப்பாவுல இதுக்குன்னே ஒரு அமைப்பு இருக்கு. பெயர் இகோடா, 2004-ல உருவானது, பிரஸ்ஸல்ஸ்ல இயங்குது. பல நாடுகளோட டைரக்டர் சங்கங்கள் இதுல உறுப்பினர். ஐரோப்பிய யூனியன் கம்பெனி நிர்வாகம் பத்தி சட்டம் கொண்டு வரும்போது, வரைவு நிலையிலேயே டைரக்டர்கள் தரப்பை எடுத்து வைக்கிறதுதான் வேலை. 2022 பிப்ரவரியில வந்த ஒரு வரைவுல, டைரக்டர்களோட கடமைகளை விரிவாக்குற 25, 26-ம் பிரிவுகள் இருந்துச்சு. டைரக்டர் சங்கங்கள் பல ஆட்சேபிச்சாங்க. 2024-ல வந்த இறுதிச் சட்டத்துல அந்த ரெண்டு பிரிவும் இல்ல. அது நல்லதா கெட்டதாங்கிறது வேற விவாதம். பேச்சு எப்ப நடந்துச்சுன்னு மட்டும் பாருங்க: சட்டம் வர்றதுக்கு முன்னாடி.

நம்ம ஊர்லயும் குரல் இல்லாம இல்ல. சிஐஐ, ஃபிக்கி மாதிரி தொழில் அமைப்புகள், எங்க ஆடிட்டர் இன்ஸ்டிடியூட், கம்பெனி செக்ரட்டரி இன்ஸ்டிடியூட் எல்லாரும் கருத்து சொல்றாங்க. 2019-ல அமைச்ச கம்பெனி சட்டக் குழுவோட பரிந்துரையை வச்சுதான் 2020 திருத்தத்துல பல சின்ன தவறுகளுக்குக் கிரிமினல் தண்டனை போய் அபராதம் மட்டும்னு ஆச்சு. 2020 மார்ச் 2-ம் தேதி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கையும் விட்டுச்சு: அன்றாட நிர்வாகத்துல இல்லாத இன்டிபென்டென்ட் டைரக்டர்கள் மேல யோசிக்காம வழக்கு போடாதீங்கன்னு.

ஆனா கவனிங்க, அதுல பெரும்பாலும் பெரிய கம்பெனி போர்டுல இருக்கிறவங்களைப் பத்தின பேச்சுதான். மாமா கம்பெனியில பேருக்கு இருக்கிற ரெண்டாவது டைரக்டருக்கு மேடை எங்க? அமைச்சக வெப்சைட்டுல வரைவு விதிகள் வரும்போது யார் வேணும்னாலும் கருத்து அனுப்பலாம். அனுப்புறவங்க குறைவு. அதனால உங்களுக்காக நீங்கதான் பேசணும், அதுவும் கையெழுத்துக்கு முன்னாடி.

இன்னும் கையெழுத்து போடலைன்னா

- மாமாகிட்ட ஒன் பர்சன் கம்பெனி பத்திச் சொல்லுங்க. ஒரே ஒருத்தர் போதும், ரெண்டாவது டைரக்டர் தேவையில்லை.
- கடைக் கணக்கை அத்தைதான் பார்க்கிறாங்கன்னா, ரெண்டாவது டைரக்டரா அவங்க இருக்கிறதுதான் முறை. விஷயம் தெரிஞ்சவங்க பொறுப்புல இருக்கணும்.
- உதவி பண்ண ஆசைன்னா ஷேர் வாங்குங்க. முழுப் பணம் கட்டின ஷேர்னா, போனா அந்தப் பணத்தோட போகும்.
- பேங்க் லோனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து கேட்டா, அது தனி முடிவு. அது உங்க சிபில் ஸ்கோரையும், நாளைக்கு நீங்க எடுக்கப்போற வீட்டுக் கடனையும் தொடும்.

ஏற்கனவே டைரக்டரா இருந்தா

- அமைச்சக வெப்சைட்டுல கம்பெனி மாஸ்டர் டேட்டா பாருங்க. கடைசியா எந்த வருஷ பேலன்ஸ் ஷீட் தாக்கல் ஆகியிருக்குன்னு தெரியும். 2 வருஷம் பாக்கின்னா இன்னைக்கே போன் போடுங்க.
- டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை யார்கிட்டயும் குடுத்து வைக்காதீங்க. மாமாவோ ஆடிட்டரோ, யாரா இருந்தாலும் சரி.
- ஒரு முடிவு பிடிக்கலைன்னா மெயில்ல எழுதுங்க, மீட்டிங் குறிப்புல பதியச் சொல்லுங்க. வாயால சொன்னது கோர்ட்டுல நிக்காது.
- விலகணும்னா பிரிவு 168. ராஜினாமா கடிதம் கம்பெனிக்குக் கிடைச்ச தேதியோ நீங்க குறிப்பிட்ட தேதியோ, எது பிந்தியதோ அன்னைக்கு விலகல் நடைமுறைக்கு வரும். கம்பெனி 30 நாளுக்குள்ள டிஐஆர்-12 தாக்கல் பண்ணணும். பண்ண மாட்டாங்கன்னு சந்தேகம் இருந்தா டிஐஆர்-11 மூலமா நீங்களே பதிவாளருக்குத் தெரிவிக்கலாம்.
- ஒண்ணு ஞாபகம் வைங்க: பதவியில இருந்த காலத்துத் தவறுக்கான பொறுப்பு ராஜினாமாவோட போகாது. பேங்க் ஜாமீனும் தானா ரத்தாகாது. பேங்க் எழுத்துல விடுவிச்சாதான் உண்டு.

“முடியாது”ன்னு சொன்னா மாமா ரெண்டு மாசம் முகம் குடுத்துப் பேசமாட்டார்தான். அதுக்காக அஞ்சு வருஷத் தகுதியிழப்பையும் வரி நோட்டீஸையும் தலையில ஏத்திக்க முடியாது. கம்பெனி இல்லாத வழியையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் அவங்களே புரிஞ்சுக்குவாங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. எப்பவோ யாருக்கோ ஓடிபி சொன்ன ஞாபகம் இருந்தா, உங்க பேர்ல டிஐஎன் இருக்கான்னு பாருங்க. இருந்தா எந்தக் கம்பெனி, என்ன நிலைமைன்னு எழுதி வைங்க. அடுத்த பதிவுல ஜாமீன் கையெழுத்து பத்தித் தனியா பார்க்கலாம்.