வாங்குமுன் ஒப்பிடுக

கார் வாங்குவோர் பெரும்பாலும் நிறத்தையும் தோற்றத்தையுமே முதலில் நோக்குகின்றனர். எங்கள் இல்லத்திற்குக் கடன் பெற்றுக் கார் வாங்கும் பேச்சு எழுந்தபோது, நான் இரண்டு பெட்ரோல் வண்டிகளை எடுத்து ஆராய்ந்தேன். டாட்டா நெக்ஸான், 2022-இல் வெளிவந்த மாருதி பிரெஸ்ஸா ஆகிய இரண்டின் நீளமும் 3995 மில்லிமீட்டரே. ஆனால் வரி ஒன்றன்று.

நான்கு மீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் காரின் என்ஜின் 1200 கன சென்டிமீட்டரைத் தாண்டாதிருந்தால்தான் வரிச்சலுகை உண்டு. நெக்ஸானின் என்ஜின் 1199; பிரெஸ்ஸாவினது 1462. ஆகவே 2025 செப்டம்பர் 22 அன்று முன்னதற்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடாகவும், பின்னதற்கு 40 விழுக்காடாகவும் ஆயிற்று.

எனினும் பிரெஸ்ஸாவுக்கு நான்கு சிலிண்டர், அதிர்வு குறைவு. நெக்ஸானுக்கு மூன்றே, டர்போ அதன் வலிமையை ஈடுசெய்கிறது. வரியை மட்டும் எண்ணாமல், இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதே அறிவுடைமை.