வைர ஊசியும் பழைய ரப்பரும்

2018 மே மாதம் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம், ரெக்கார்டு பிளேயருக்கான கார்ட்ரிட்ஜ்களை இனித் தயாரிப்பதில்லை என்று அறிவித்தது. இன்று மைக்குக்குப் பேர்போன அந்த நிறுவனம் 1964-ல் கொண்டுவந்த வி15, அடுத்தடுத்த வடிவங்களில் நாற்பது ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த கார்ட்ரிட்ஜ். அறிவிப்பு வந்ததும் பழைய ஷூர்களுக்கு மவுசு ஏறியது. "அந்தக் காலத்துச் சத்தமே தனி" என்று ஒரு கட்சி. "ஐம்பது வருஷப் பழைய ஊசியை நல்ல தட்டு மேல் எவன் வைப்பான்?" என்று எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் பேச்செல்லாம் வயதைப் பற்றித்தான். கார்ட்ரிட்ஜுக்குள்ளே பார்த்தாலோ, வயது நேராகக் கைவைக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: ரப்பர்.

உள்ளே இருப்பது அதிகமில்லை. பள்ளத்தில் ஓடும் வைர முனை, அதைத் தாங்கும் கேன்டிலீவர் என்ற மெல்லிய குச்சி, குச்சி ஆடுவதற்கு இடம்கொடுக்கும் ரப்பர் வளையம், அந்த ஆட்டத்தை மின்சாரமாக மாற்றும் காந்தமும் கம்பிச்சுருளும். அவ்வளவுதான். இதைச் சுற்றித்தான் இத்தனை நம்பிக்கைகள்.

நம்பிக்கை: பழசு என்றால் இதம், புதுசு என்றால் கூர்மை

ஜப்பானின் டெனான் டிஎல்-103 இந்த நம்பிக்கைக்கு ஒரு தலைவலி. 1960-களின் தொடக்கத்தில் என்எச்கே வானொலி, தொலைக்காட்சி நிலையங்களின் ஒலிபரப்புக்காக உருவான கார்ட்ரிட்ஜ் அது. இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். போன மாதம் தொழிற்சாலையை விட்டு வந்த டிஎல்-103 பழசா, புதுசா? அதன் ஒலியை 'அந்தக் கால இதம்' என்று வர்ணிப்பவர்கள் கையில் இருப்பது பளபளக்கும் புதுச் சரக்கு.

இதற்கு நேரெதிர்ப் பாடம் ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் கிடைக்கிறது. 2018-ல் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே உடம்பு, ஒரே காந்தம், ஒரே சுருள். ஊசிப் பகுதியை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்: உருண்டை முனை, நீள்வட்ட முனை, ஷிபாட்டா முனை, மைக்ரோலைன் முனை. உருண்டையைப் போட்டுக் கேட்டவர் மைக்ரோலைனுக்கு மாறினால், ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி வந்ததுபோல் இருக்கும். மாறியது முக்கியமாக வைரத்தைப் பட்டை தீட்டிய விதம்.

காரணம் எளிய கணக்கு. எல்பி நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. தூரம் பள்ளம் ஓடும். லேபிளை நெருங்கும்போது அதுவே சுமார் 21 செ.மீ.யாகச் சுருங்கிவிடும். அந்த இடத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முழுவதும் 21 மைக்ரானுக்குள் அடங்க வேண்டும். டிஎல்-103-ன் உருண்டை முனைக்கு ஆரம் 16.5 மைக்ரான், அதாவது குறுக்களவு 33. இட்லித் தட்டுக் குழியில் பூசணிக்காயை உட்காரவைத்த கதை. முனை அலைக்குள் இறங்காமல் மேலாகவே தாண்டிப் போகும். சலங்கையும் தாளமும் மங்கும், கூடவே கொஞ்சம் கரகரப்பும் சேரும். இந்த மங்கலுக்குத்தான் பல வீடுகளில் 'இதம்' என்று பெயர். கேட்கப் பிடித்திருந்தால் குற்றமில்லை. ஆனால் அது காலத்தின் கொடை அல்ல, வடிவியலின் கைவரிசை.

கூர்மையான முனைகளும் நேற்றுப் பிறந்தவை அல்ல. 1970-களின் தொடக்கத்தில் ஜேவிசி நிறுவனத்தின் நோரியோ ஷிபாட்டா, சிடி-4 என்ற நான்கு-ஒலிவழித் தட்டுகளுக்காக ஒரு முனையை வடிவமைத்தார். அந்தத் தட்டுகளில் காதுக்கு எட்டாத 30,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் முதுகில் முன்பக்க, பின்பக்க ஒலிகளின் வித்தியாசத்தை ஏற்றியிருந்தார்கள். உருண்டை முனையால் அதைத் தொடக்கூட முடியாது. சிடி-4 சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. ஷிபாட்டா முனை மட்டும் பிழைத்து இன்றும் 'நவீன' விலையில் விற்கிறது.

நம்பிக்கை: பழைய கார்ட்ரிட்ஜ் கனமாக அழுத்தித் தட்டைக் கீறும்

எந்தப் பழசு என்று கேட்க வேண்டும். அரக்குத் தட்டுக் காலத்து எஃகு ஊசி நூறு கிராமுக்கு மேல் அழுத்தியது உண்மை. நம் ஊர் வீடுகளில் இருந்த எச்எம்வி ஃபியஸ்டா போன்ற சிறு பிளேயர்களும் லேசாகத் தொடும் ஜாதி அல்ல. (அந்த ரக மலிவுப் பிளேயர்களில் வந்த கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ்கள் பல, ரோஷெல் உப்புப் படிகத்தில் செய்தவை. ஈரம் பட்டால் கெடும், 55 டிகிரி சூட்டில் சிதைந்துவிடும். கடலோர ஊரின் பரணில் நாற்பது கோடைகளைக் கழித்த ஒன்று இன்று பாடாவிட்டால் ஆச்சரியப்படத் தேவையில்லை.)

ஆனால் 1970-கள் எடைக்குறைப்புப் போட்டியின் காலம். ஷூர் வி15 டைப் 3-க்கு நிறுவனம் சொன்ன அழுத்தம் முக்கால் கிராமிலிருந்து ஒன்றேகால் கிராம் வரை. இன்றைக்கு அதிகம் விற்கும் ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், விஎம்95 வரிசைக்கு 2 கிராம். ஆக, புதுசுதான் கனம். அதனால் தட்டு பாழாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. பெரும்பாலும் தட்டைக் கெடுப்பது அழுத்தம் போதாமல் பள்ளத்தில் துள்ளும் ஊசி. 'லேசாக வைத்தால் தட்டுக்கு நல்லது' என்று அழுத்தத்தைக் குறைத்தவர்கள், சுவரைக் கொத்தும் உளியை வாங்கி மாட்டிய மாதிரிதான்.

நம்பிக்கை: பெட்டி பிரிக்காத பழைய சரக்கு புதுசுக்குச் சமம்

அதிகப் பணம் பறிபோவது இங்கேதான். ஓடாத வைரம் கெடாது, காந்தம் நெடுநாள் தாங்கும், சுருள் அறாதவரை பிரச்சினை இல்லை. ரப்பர் அப்படி இல்லை. பெட்டிக்குள் இருந்தாலும் அதற்கு வயதாகும். சில கலவைகள் இறுகிக் கல்லாகும், சில இளகித் தொய்ந்துபோகும். இறுகினால் குச்சி ஆட மறுக்கும். உரத்த இடங்களில் 'ஸ', 'ஷ' ஒலிகள் துப்புவதுபோல் சிதறும். தொய்ந்தால் ஊசியைத் தட்டில் வைத்ததும் கார்ட்ரிட்ஜின் வயிறு தரைதட்டும். ஐம்பது வயது வி15-ஐயும் இந்த ஆண்டு வாங்கிய புதுக் கார்ட்ரிட்ஜையும் அருகருகே வைத்துக் கேட்பவர், 1973-ஐயும் இன்றையும் ஒப்பிடுவதாக நினைக்கிறார். நடப்பது செத்த ரப்பருக்கும் உயிருள்ள ரப்பருக்கும் போட்டி. 1973-ல் அந்த வி15 எப்படிப் பாடியது என்பதை அதனாலேயே இன்று சொல்ல முடியாது.

மாற்று ஊசி வாங்கலாம். ஜப்பானின் ஜிகோ போன்ற நிறுவனங்கள் பழைய உடம்புகளுக்குப் புது ஊசி செய்கின்றன. ஆனால் குச்சியும் ரப்பரும் முனையும் புதுசு என்றால், ஒலியின் பெரும்பங்கு புதுசாகிவிடுகிறது. 1982-ல் வந்த வி15 டைப் 5-ன் குச்சி பெரிலியம் உலோகக் குழாய்; நம்பமுடியாத லேசு, நம்பமுடியாத விறைப்பு. அந்தக் குழாய் இப்போது கிடைப்பதில்லை. போரானிலும் மாணிக்கத்திலும் மாற்றுக் குச்சிகள் வந்தன. நன்றாகவும் இருக்கின்றன, அதே ஒலி என்று மட்டும் சொல்ல முடியாது. 'பழசுக்கு ஈடில்லை' என்பவர்களுக்கு நியாயமாகப் புள்ளி கொடுக்க வேண்டிய இடம் இது ஒன்று.

நம்பிக்கை: ஒரே பிளேயரில் மாற்றி மாற்றிக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்

தெரியாது. முதல் வில்லன் வால்யூம். 2எம் ரெட் தருவது 5.5 மில்லிவோல்ட்; வி15 டைப் 3-ன் குறிப்பேட்டில் 3.5. அளக்கும் முறையில் நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு வேறுபாடு இருக்கலாம். அப்படியே எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 4 டெசிபல் வித்தியாசம். இரண்டில் சற்று உரத்துக் கேட்பதைத்தான் காது 'தெளிவு' என்றும் 'உயிரோட்டம்' என்றும் தேர்ந்தெடுக்கும். குமிழைத் தொடாமல் நடத்தும் ஒப்பீட்டில் ஜெயிப்பது மில்லிவோல்ட்.

அடுத்தது ஒயர். காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜ், தன்னுடன் சேரும் ஒயரும் ஆம்ப்ளிஃபயரும் எவ்வளவு மின்தேக்கம் தருகின்றன என்பதைப் பொறுத்து உயர் ஒலிகளை மாற்றிக்கொள்ளும். வி15 டைப் 3 எதிர்பார்ப்பது 400 முதல் 500 பைகோஃபேரட். விஎம்95 கேட்பது 100 முதல் 200. ஒரே ஒயரில் இரண்டையும் மாட்டினால் ஒன்றுக்கு நிச்சயம் அநியாயம். ஷூருக்குக் குறைந்தால் மேல்ஸ்தாயியின் சமநிலை குலையும். ஆடியோ-டெக்னிகாவுக்குக் கூடினால் உயர் ஒலிகளில் மேடு தட்டி, 'பார்த்தாயா, புதுசு காதைக் குத்துகிறது' என்ற தீர்ப்பு வரும். பல இரவுச் சண்டைகளுக்குக் காரணம் ஒரு மீட்டர் ஒயர்.

கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன் ஆர்மும் கட்சி சேரும். ஆர்மின் எடையும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் அதிர்வெண்ணை உண்டாக்கிக்கொள்ளும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நலம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 பிளேயரில் இருப்பது மாதிரி 12 கிராம் ஆர்மில், மிக நெகிழ்வான வி15 டைப் 3-ஐ மாட்டிக் கணக்குப் போட்டால் 7 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சற்றே வளைந்த தட்டு ஒவ்வொன்றும் அதை ஊஞ்சல் ஆட்டிவிடும். விறைப்பான டிஎல்-103 அதே ஆர்மில் நிம்மதியாக ஓடும்.

நம்பிக்கை: ஒளியால் படிக்கும் கார்ட்ரிட்ஜ் இந்த நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு

தோஷிபா 1960-களின் பிற்பகுதியிலேயே விற்றது. ஒளிக்கு அன்று அதற்குள் இருந்தது சூடேறும் குட்டி பல்பு. டிஎஸ் ஆடியோ என்ற ஜப்பான் நிறுவனம் இப்போது அதில் எல்இடியை வைத்தது. யோசனை பழையது, விளக்குதான் புதுசு.

நம்பிக்கை: வைரம் தேயாது

தேயும். ஆடியோ-டெக்னிகாவே சொல்லும் கணக்கு: உருண்டை முனைக்கு 500 மணி நேரம், நீள்வட்டத்துக்கு 300, ஷிபாட்டாவுக்கு 800, மைக்ரோலைனுக்கு 1,000. எல்பி ஒன்றுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிடம் என்று வைத்தால், 300 மணி நேரம் என்பது 450 எல்பி. தினம் ஒன்று கேட்பவருக்கு ஒன்றேகால் வருஷம். பழைய கடையில் 'நல்ல கண்டிஷன்' என்று வாங்கும் கார்ட்ரிட்ஜின் முனை முந்தைய வீட்டில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை நுண்ணோக்கி இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

பழசோ புதுசோ, வாங்குமுன் சோதிக்க விரும்புபவர் தட்டின் முதல் பாட்டைக் கேட்டு மயங்கக் கூடாது. வினாடிக்கு 51 செ.மீ. ஓடும் விளிம்பில் எந்த ஊசியும் கெட்டிக்காரத்தனமாகப் பாடும். லேபிளுக்குப் பக்கத்தில், உரத்த குரலும் தாளமும் உள்ள கடைசிப் பாட்டைத்தான் வைக்கச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு பாட்டைத் தேடி எடுக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கும். உள்வட்டத்தின் சங்கடம் தட்டு வெட்டுபவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், பல எல்பிகளில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் மென்மையான பாட்டைத்தான் வைத்திருப்பார்கள்.