மரபணுக்களின் காவலன்

நம் உடலில் ஒவ்வொரு வினாடியும் இலட்சக்கணக்கான உயிரணுக்கள் இரண்டாகப் பிரிகின்றன. ஓர் உயிரணு பிரிவதற்கு முன், தன்னிடமுள்ள டிஎன்ஏ முழுவதையும் படியெடுக்க வேண்டும். அது, ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு நூலைப் பார்த்து எழுதுவதைப் போன்ற வேலை. இவ்வளவு பெரிய வேலையில் பிழைகள் நேர்வது இயல்பே. ஆயினும், அப்பிழைகளில் மிகச் சிலவே புற்றுநோயாக மாறுகின்றன. ஏன்?

பிழைகளைக் கண்காணிக்கும் மரபணுக்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைக் கட்டி ஒடுக்கும் மரபணுக்கள் என்பர். அவற்றுள் முதன்மையானது பி53. அது உருவாக்கும் புரதத்திற்கும் அதே பெயர்தான். 1979இல் அப்புரதம் கண்டறியப்பட்டபோது, அது புற்றுநோயைத் தூண்டுவதாகவே கருதப்பட்டது. உண்மையில் அது புற்றுநோயைத் தடுக்கிறது என்பது பத்து ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான டேவிட் லேன், 1992இல் அதனை 'மரபணுத்தொகுதியின் காவலன்' என்று குறிப்பிட்டார். அவர் பின்னாளில் சிங்கப்பூரிலும் ஆய்வுப் பணியாற்றினார்.

இக்காவலன் தனித்துச் செயல்படுவதில்லை. பிற மரபணுக்களுக்குக் கட்டளையிடுவதே அதன் முக்கியப் பணி. டிஎன்ஏ சேதமடைந்தால், உயிரணுவில் பி53 புரதத்தின் அளவு பெருகும். நான்கு பி53 புரதங்கள் ஒன்றிணைந்து, டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு, அருகிலுள்ள மரபணுக்களை இயக்கும். அவ்வாறு இயங்கும் பி21 என்னும் மரபணு, உயிரணு பிரிவதை நிறுத்திவைக்கும். அதனால் சேதத்தைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். சரிசெய்ய முடியாத அளவுக்குச் சேதம் இருந்தால், பாக்ஸ் போன்ற மரபணுக்கள் இயக்கப்படும். அந்த உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இன்னொரு வியப்பும் உண்டு. பி53 புரதத்தை அழிக்க உதவும் எம்டிஎம்2 மரபணுவையும் பி53தான் இயக்குகிறது. ஆகவே, ஆபத்து நீங்கியதும் அதன் அளவு மீண்டும் குறைந்துவிடும்.

மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் இந்த பி53 மரபணு மாற்றமடைந்திருக்கிறது. பல வேளைகளில், மாறியிருப்பது ஒரே ஓர் எழுத்துதான். புரதம் உருவாகிறது, ஆனால், அதனால் டிஎன்ஏவைச் சரியாகப் பற்ற முடிவதில்லை. காவலன் இருந்தும் கட்டளை பிறப்பதில்லை. பி21, பாக்ஸ் ஆகியவை நலமாக இருந்தாலும் உரிய நேரத்தில் இயக்கப்படுவதில்லை. சேதமடைந்த உயிரணு தடையின்றிப் பெருகத் தொடங்குகிறது. ஒரு மரபணுவின் பழுது பல மரபணுக்களின் பணியை முடக்கிவிடுகிறது.

இத்தகைய மாற்றம் பெரும்பாலும் பிறந்த பிறகே ஏற்படுகிறது. மார்பகப் புற்றுநோயாளர்களுள் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு மட்டுமே அது மரபுவழி வந்த மாற்றத்தால் உண்டாகிறது. அவ்வாறு வரும் மரபணுக்களுள் ஒன்று பிஆர்சிஏ1. முறிந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் இம்மரபணு, 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் மேரி கிளேர் கிங் என்னும் அறிவியலாளர் கண்டறிந்தார். பி53 மரபணுவும் அதே குரோமோசோமில்தான் உள்ளது.

பழுதான பிஆர்சிஏ1 தாய்வழியாக மட்டுமே வரும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு, தந்தைவழியாகவும் வரலாம். அதைப் பெற்றவர் அனைவருக்கும் நோய் வந்தே தீரும் என்பதும் இல்லை. ஆனால், முன்கூட்டியே அறிந்தவர் உரிய பரிசோதனைகளைத் தவறாமல் செய்துகொண்டு, நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணமடையும் வாய்ப்பும் அதிகம். எனவே, இரு வழி உறவினர்களின் நோய் விவரங்களையும் குடும்பத்தில் மறைக்காமல் பேசுவது நல்லது. அத்தகைய பேச்சு ஓர் உயிரைக் காக்கக்கூடும்.