பாலைவன உஷ்ணத்தில் முற்றத்து நீர்த்தொட்டிகளைப் பேணும் முறை

ராஜஸ்தானத்தின் மேற்குப் பாகத்திலுள்ள தார்ப் பாலைவனம் மிகுந்த வெப்பமும் குறைந்த மழையும் உடையது. ஜெய்சால்மேரில் வருஷ சராசரி மழை 20 செண்டிமீட்டர் அளவேயாகும். பலோதி என்னும் ஊரில் 2016-ஆம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி நிழலில் 51 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் பதிவாயிற்று. இத்தகைய பிரதேசத்திலும் வீட்டு முற்றத்தில் ஒரு கல்தொட்டியிலோ மண்சாலிலோ நீர் நிரப்பி, அல்லியும் சிறு மீன்களும் வளர்ப்பது கூடாத காரியமன்று. ஆயின் ஈரமான பிரதேசங்களில் தொட்டி வைப்போர் கையாளும் முறைகளை அப்படியே இங்கே கையாண்டால், ஒரு கோடைக்குள் செடி கருகி, மீன் மடிந்து, தொட்டி கொசுக்களின் உற்பத்தி ஸ்தானமாகிவிடும். பாலைவனத்தில் தொட்டி கெடுவதற்கு உஷ்ணம், பிராணவாயுக் குறைவு, உப்பு, கொசு ஆகிய நான்கும் காரணங்களாகும். இவற்றுள் உப்பே பலரும் கவனியாமல் விடுவது. ஆகையால் அதைப்பற்றி இங்கே சற்று விரிவாய்க் கூறப்படும்.

1. தொட்டியும் அதை வைக்கும் இடமும்

நீர் எவ்வளவு கொஞ்சமோ அவ்வளவு விரைவில் சூடேறும். 20 லிட்டர் கொள்ளும் பாண்டம் நடுப்பகலுக்குள் சுட்டுவிடும். 200 லிட்டர் தொட்டியோ உஷ்ணத்தை மெதுவாய் ஏற்று, இரவில் மெதுவாய் விடும். ஆதலால் 200 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் மீன் விடலாகாது. ஒரே அளவு நீர் கொள்ளும் இரு தொட்டிகளுள் அகன்று ஆழமற்றதைவிடக் குறுகி ஆழமானதே மேலானது. ஏனெனில் நீர் ஆவியாவது மேற்பரப்பின் அளவைப் பொறுத்தது. விட்டம் 70 செண்டிமீட்டரும் நீரின் ஆழம் 50 செண்டிமீட்டரும் உள்ள தொட்டி சுமார் 200 லிட்டர் கொள்ளும்.

ஜோத்பூர் மணற்கல்லில் குடைந்த தொட்டிகள் கனத்த சுவருடையவையாதலால் நல்லவை. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியும் தகரப் பீப்பாயும் வெயிலை உறிஞ்சுமாகையால், அவற்றை வெளியில் வைப்பதாயின் மண்ணிலே புதைத்து வைத்தல் அவசியம். புதைக்கும் தொட்டியின் விளிம்பு தரைக்கு மேல் 15 செண்டிமீட்டராவது நிற்கவேண்டும். இல்லாவிடில் காற்றில் உருளும் மணலும் மழைக்காலத்து வெள்ளமும் உள்ளே புகும். சிறு குழந்தைகள் நடமாடும் வீட்டில் கம்பி வலையால் மூடுவது இன்றியமையாதது. மெருகிடாத மண்சாலின் புறத்தே நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிரும்; குடிநீர்ப் பானை குளிர்வதும் இதனாலேயே. ஆயின் இக்குளிர்ச்சிக்கு விலையாக நீர்ச் செலவு அதிகப்படும்.

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் பட்டு, பிற்பகலில் சுவரின் அல்லது மரத்தின் நிழல் விழும் கீழ்ப்புறமே தகுந்த இடம். அவ்வசதி இல்லாதவர்கள் மேற்குப்புறத்தில் கம்புத் தட்டையால் ஒரு தட்டி கட்டலாம். அல்லி இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடியிருந்தால் அவையே மற்றொரு நிழலாகும்.

2. பிராணவாயு

நீர் சூடேற ஏற அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 35 டிகிரியில் சுமார் 7 மில்லிகிராமே தாங்கும். அதே சமயத்தில் உஷ்ணத்தினால் மீனின் தேவை அதிகரிக்கிறது. வரவு குறைந்து செலவு ஏறும் இந்நிலையில், இரவு முழுவதும் செடிகளும் பாசியும் தாமும் பிராணவாயுவை உட்கொள்ளும். ஆதலால் விடியற்காலையே மீன்களுக்கு ஆபத்தான வேளை. சூரியோதயத்திற்கு முன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவது காணப்பட்டால், சொம்பினால் நீரை மொண்டு உயரத்திலிருந்து அத்தொட்டியிலேயே பலமுறை ஊற்றவேண்டும். பின்னர் அடியில் தேங்கிய மக்கிய சேற்றை அகற்றவேண்டும்.

200 லிட்டருக்குப் பத்துச் சிறு மீன்களே போதும். பாசியும் கொசுப்புழுவும் உள்ள தொட்டியில் தனி இரை பெரும்பாலும் வேண்டுவதில்லை. மிஞ்சிய இரை அழுகி அம்மோனியாவை உண்டாக்கும். அதன் விஷம் உஷ்ணமான, காரத்தன்மையுள்ள நீரில் அதிகமாகும். நீர் பச்சை நிறமாயிற்றென்று மயில்துத்தம் இடுவது பெரும் பிழை. துத்தம் மீனுக்கு விஷம். மடிந்த பாசி அழுகுவதால் எஞ்சிய பிராணவாயுவும் தீரும். நிழலை அதிகப்படுத்தி இரையைக் குறைப்பதே பச்சை நீருக்குப் பரிகாரம்.

3. உப்பு

நீர் ஆவியாய்ப் போகும். அதில் கரைந்துள்ள உப்பு போவதில்லை. இதுவே பாலைவனத் தொட்டியின் முதல் விதி. கோடையில் நாளொன்றுக்கு 1 செண்டிமீட்டர் நீர் குறைவதாகவும், ஊற்றும் கிணற்று நீரில் லிட்டருக்கு 1 கிராம் உப்பு இருப்பதாகவும் கொள்வோம். 50 செண்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் 50 நாட்களில் ஒரு தொட்டி நீர் முழுவதும் ஆவியாகி, வேறொரு தொட்டி நீர் ஊற்றப்பட்டிருக்கும். பார்வைக்கு நீர்மட்டம் மாறவில்லை. உப்போ இரு மடங்காயிற்று. 100 நாட்களில் அது மும்மடங்காகும். ஆகவே குறைந்ததை நிரப்பிக்கொண்டே வருபவர், தம்மையறியாமல் தொட்டியை உப்பளமாக்குகிறார்.

இதற்குப் பரிகாரம், நிரப்புமுன் இறைத்தல். வாரந்தோறும் தொட்டி நீரில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 10 செண்டிமீட்டர் உயர நீரை, ரப்பர்க் குழாயைக்கொண்டு அடியிலிருந்து இறக்கிவிட்டுப் பிறகு புதுநீர் வார்த்தால், உப்பு ஊற்றும் நீரிலுள்ளதைப்போல் சுமார் 1.7 மடங்குக்கு மேல் ஏறாது. பத்தில் ஒரு பங்கே இறக்கினால் 2.4 மடங்கு வரை ஏறும். உவர்க்கிணற்று நீருக்கு முதல் அளவும், உப்புக் குறைந்த கால்வாய் நீருக்கு இரண்டாவது அளவும் தக்கவை.

மேற்சொன்ன தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு என்பது 40 லிட்டர். நீர் அருமையான தேசத்தில் இது வீணன்றோ என்று கேட்கலாம். இறக்கிய நீரைச் சாக்கடையில் விட்டால் வீணே. பேரீச்சை, வேம்பு போன்ற மரத்தின் அடியில் விட்டால் வீணன்று. உப்பு ஓரிடத்திலேயே சேராதபடி மரங்களை மாற்றி மாற்றிப் பாய்ச்சவேண்டும். தாங்கா என்று அங்கே வழங்கும் நிலத்தடித் தொட்டியில் சேர்த்த மழைநீரில் உப்பு மிகவும் சொற்பம். குடிநீர்த் தேவைக்குப் போக மிஞ்சுமாயின், தொட்டியை நிரப்ப அதனிற் சிறந்தது வேறில்லை.

விளிம்பில் வெண்மையாய்ப் பொறுக்குப் படிதலும், அல்லி இலையின் ஓரம் கருகுதலும் உப்பு மிகுந்ததன் அடையாளங்கள். மீன் உயிரோடிருப்பதை மட்டும் கொண்டு நீர் நலமென்று தீர்மானிக்கலாகாது. கப்பி, கம்பூசியா முதலிய மீன்கள் உவர்நீரையும் தாங்கும், அல்லி தாங்காது.

நகரக் குழாய் நீரில் குளோரின் இருக்குமாகையால் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றவேண்டும். மாடித் தொட்டி நீர் பிற்பகலில் கொதிக்குமாதலால் அதிகாலையில் ஊற்றுதலே நன்று.

4. கொசு

இங்கே தொட்டியின் நலம் மட்டுமன்றிக் குடும்பத்தின் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்ஸி என்னும் கொசு, கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்டி, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அம்முட்டைகள் பல மாதங்கள் உலர்ந்து கிடந்தும் சாகா. நீர் மேலேறித் தொட்டவுடன் பொரிக்கும். உஷ்ண காலத்தில் முட்டை கொசுவாவதற்குச் சுமார் ஒரு வாரமே போதும்.

பாலைவனத் தொட்டியில் நீர் நாள்தோறும் இறங்கி, நிரப்புந்தோறும் ஏறுகிறதாகையால், அது இக்கொசுவுக்கு மிகவும் ஏற்றதாகிறது. எனவே நீர் நிரப்பிய பிறகன்று, நிரப்புவதற்கு முன்னரே, வெளிப்பட்டிருக்கும் சுவரைக் கடினமான நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவவேண்டும். கழுவிய நீர் தொட்டிக்குள் விழாமல் துடைத்தெடுக்கவேண்டும். தொட்டியைக் கைவிடுவோரும் கவிழ்ப்பதோடு நில்லாமல் இவ்வாறு தேய்த்தல் அவசியம்.

கொசுப்புழுவை உண்ணும் கம்பூசியா 1928-ஆம் வருஷம் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தொட்டிக்குள் அது உபகாரி; குளத்திலோ ஆற்றிலோ சேர்ந்தால் நாட்டு மீன்களுக்குப் பகை. ஆகையால் அதையோ கப்பியையோ, இறக்கிய நீரோடு கலந்தும்கூட, வெளிநீர் நிலைகளில் விடலாகாது. மீனில்லாத தொட்டிகளுக்கு பி.டி.ஐ. என்னும் நுண்ணுயிர் மருந்து உண்டு. 1976-ஆம் வருஷம் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்நுண்ணுயிர் கொசுப்புழுவைக் கொல்லும். மீனுக்கும் செடிக்கும் தீங்கு செய்யாது. உறையில் குறித்த அளவுப்படி இடவேண்டும்.

5. பருவந்தோறும் செய்யவேண்டியவை

மார்ச் மாதத்தில் அடிச்சேற்றை வாரி, அல்லிக் கிழங்கைப் பிரித்து நட்டு, நிழல் தட்டியைச் சித்தம் செய்க. ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரந்தோறும் இறைத்து நிரப்புவதை ஒரு வாரமும் தவறவிடலாகாது. புழுதிக்காற்று அடித்தபின் மிதக்கும் சருகை உடனே எடுக்க. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைநீரால் தொட்டி ததும்பி வழியுமாயின் உப்பு தானே குறையும். ஆயின் சுற்றிலுமுள்ள தட்டு, ஓடு, உடைந்த பானை யாவற்றையும் கவிழ்த்து வைக்க. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் கடுமையாதலால் இரையை நிறுத்தி, நிழல் தட்டியை நீக்கிவிடுக. தேனீயும் சிட்டும் நீரருந்த வரும். அவை மூழ்காமல் நிற்க நீர்மட்டத்தில் ஒரு சொரசொரப்பான கல் வைத்தல் நலம்.

உவர்க்கிணறுகளை நம்பியுள்ள வறண்ட ஜில்லாக்கள் எவற்றிலும் உப்பைப்பற்றிய விதி இவ்வாறே பொருந்தும். சுவரைத் தேய்த்து, அடிநீரை இறைத்து, அதன்பின் நிரப்புக. இம்மூன்றையும் இவ்வரிசையில் வாரம் ஒருமுறை செய்பவருடைய தொட்டி கோடையைத் தாண்டும்.