கார்ப்பரேட் ஆஸ்பத்திரியை வைத்து அவல நகைச்சுவைக் கதை எழுதுவது எப்படி? – முழுமையான வழிகாட்டி

ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து வயிறு எரியாதவர்கள் நம்மில் குறைவு. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் புகார் மனு ஒன்றை எழுதிவிட்டு எழுந்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் பேராசை பிடித்த டாக்டர், கடைசிப் பக்கத்தில் தாலியை அடகு வைத்த மனைவி, நடுவே நிறைய சாபம். படிக்கிறவருக்குப் பாவமாக இருக்கும். ஆனால் சிரிப்பு வராது. அவல நகைச்சுவை, அதாவது பிளாக் காமெடி, என்றால் சிரிப்பு வரவேண்டும், சிரித்து முடித்ததும் ‘இதற்கா சிரித்தோம்’ என்று கூசவும் வேண்டும். இந்த வகையில் முதன்முறையாகக் கைவைக்கிறவர்களுக்கானது இந்த வழிகாட்டி.

படி 1: முதலில் டாக்டர் நாக்கைச் சந்தியுங்கள்

எழுதுவதற்கு முன் படிக்க ஒரே ஒரு படைப்பு சொல்லுங்கள் என்றால், ழூல் ரோமேன் எழுதிய ‘நாக்’ என்ற பிரெஞ்சு நாடகத்தைச் சொல்வேன். 1923-இல் பாரிஸில் லூயி ஜூவே நாக்காக நடித்து மேடையேறியது. நூறு வயதைத் தாண்டிவிட்டது. சூட்சுமம் மட்டும் இன்றைக்கும் புதுசு.

கதை இதுதான். மலைப்பகுதியில் சிறிய ஊர். அங்கே யாரும் சுலபத்தில் டாக்டரிடம் போவதில்லை. பழைய டாக்டர் பார்ப்பலே, அந்த ஈ ஓட்டும் தொழிலை நாக்கின் தலையில் கட்டிவிட்டுக் கிளம்புகிறார். நாக் அசரவில்லை. முதல் வேலையாக ஊர்த் தண்டோராக்காரரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை காலையில் இலவசப் பரிசோதனை என்று அறிவிக்கச் சொல்கிறார். பள்ளிக்கூட வாத்தியாரைக் கிருமிகள் பற்றி ஊருக்குப் பாடம் எடுக்கத் தூண்டுகிறார். மருந்துக்கடைக்காரரைப் பங்காளி ஆக்கிக்கொள்கிறார். நிலபுலன் உள்ள ஒரு பெண்மணியிடம் வியாதியை விசாரிக்கிற சாக்கில் சொத்தை விசாரித்துவிட்டு, சிகிச்சைச் செலவைப் பன்றிகளாகவும் கன்றுகளாகவும் கணக்குப் போட்டுச் சொல்கிறார். மூன்று மாதத்தில் ஊர் ஓட்டல் ஆஸ்பத்திரியாகிவிடுகிறது. பத்து மணி அடித்தால் 250 தெர்மாமீட்டர்கள் ஒரே சமயத்தில் வேலையைத் தொடங்குகின்றன. பாக்கி வசூலிக்க வந்த பார்ப்பலேவுக்கே கடைசியில் தன் உடம்பைப் பற்றிப் பயம் வந்துவிடுகிறது.

நாக் யாரையும் மிரட்டுவதில்லை, யாரிடமும் திருடுவதில்லை. தான் செய்வது சேவை என்று அவரே நம்புகிறாரோ என்ற சந்தேகம் கடைசிவரை நமக்கு இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அதில் வருமானம் உண்டு, ஆகவே தட்டிக்கேட்க ஆளில்லை. நம் ஊர் இலவச முகாமும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பும் உங்களுக்கு நினைவு வந்தால் இந்தப் படியைத் தாண்டிவிட்டீர்கள்.

படி 2: கெட்டவரை விட்டுவிடுங்கள், கணக்கைப் பிடியுங்கள்

ரொட்டி சுடுகிறவருக்கு ரொட்டிக்குக் காசு கொடுப்பது சரி. காலை வெட்டுகிறவருக்கு வெட்டினால்தான் காசு என்று வைத்தால் என்ன ஆகும்? பெர்னார்ட் ஷா தன் ‘டாக்டர்ஸ் டைலமா’ நாடகத்தின் முன்னுரையில் கேட்ட கேள்வியின் சாரம் இது. நாடகம் 1906-இல் வந்தது. அதற்குப் பிறகு எக்ஸெல் ஷீட் வந்தது என்பதுதான் வித்தியாசம்.

உங்கள் டாக்டர் நல்லவராக இருக்கட்டும். மருத்துவப் படிப்புக்கு வாங்கிய கடன், வீட்டுக் கடன், மாதாந்திர ரிவ்யூ மீட்டிங். அங்கே எம்.பி.ஏ. படித்த இளைஞர் மரியாதையாகக் கேட்பார்: “சார், ஓ.பி.யில நூறு பேர் பார்த்திருக்கீங்க, அட்மிஷன் நாலுதான். கன்வர்ஷன் கொஞ்சம் கம்மியா இருக்கே?” இந்த ஒரு கேள்வியில் ஒரு நாவலே இருக்கிறது. அந்த இளைஞருக்கும் மேலே ஒருவர் டார்கெட் வைத்திருக்கிறார். அவருக்கும் மேலே முதலீட்டாளர்கள். ஏணியின் எந்தப் படியிலும் வில்லன் அகப்படமாட்டார்.

நோயாளியை அனுப்பிவைக்கும் டாக்டருக்குக் கமிஷன் கொடுப்பதை மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகள் தடை செய்திருக்கின்றன. உங்கள் கதையில் அந்தப் பணத்துக்கு என்ன நாகரிகப் பெயர் சூட்டலாம் என்று யோசியுங்கள். பாதி நகைச்சுவை அங்கேயே கிடைக்கும்.

படி 3: தாள்களைச் சேருங்கள்

கற்பனை இரண்டாம்பட்சம். பீரோவில் கிடக்கும் பழைய ஃபைலை எடுங்கள். எஸ்டிமேட், ஒப்புதல் படிவம், இன்ஷூரன்ஸ் அனுமதிக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, நாலைந்து பக்கத்துக்கு ஓடும் பில். அதில் கையுறை தனி வரி, பஞ்சு தனி வரி, ‘இதர’ என்று இன்னொரு வரி. காலை ஒன்பது மணிக்கு டாக்டர் “வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்வார்; இன்ஷூரன்ஸுக்கு இடையில் இருக்கும் டி.பி.ஏ.விடமிருந்து அனுமதி வர மாலை ஆகும்; அதற்குள் இன்னொரு நாள் அறை வாடகை ஏறும். இதை அப்படியே எழுதினாலே போதும். நோயாளி வேட்டி கட்டித் தயாராகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, சொந்தக்காரர்கள் முறை வைத்துக் கவுன்டருக்கு நடப்பார்கள்.

காதில் விழும் பேச்சையும் குறித்துக்கொள்ளுங்கள். “அட்வான்ஸ் கட்டிட்டீங்களா?”, “கேஷா, கேஷ்லெஸ்ஸா?”, “அட்டெண்டர் ஒருத்தர்தான்.” செயற்கை வசனம் எழுதுகிறவர்கள் இந்த வராந்தாக்களில் உட்காராதவர்கள்.

படி 4: எண்ணைப் பெரிதாக்காதீர்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் பில் தொகையைக் கோடிக்கு ஏற்றுவார்கள். வேண்டாம். நிஜத்தை உங்களால் முந்த முடியாது. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு அரசு உச்ச விலை வைத்தது: சாதாரண வகைக்கு 7,260 ரூபாய், மருந்து பூசிய வகைக்கு 29,600 ரூபாய். அதுவரை இரண்டாவது வகை லட்சத்தைத் தாண்டியும் விற்றது. மறு ஆண்டு, டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், சில பொருட்களில் லாபம் 1,700 சதவீதத்தையும் தாண்டியதைக் கண்டது. கதையில் இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியரே மிகை என்று வெட்டிவிடுவார்.

ஆகவே எண்ணை அடக்கமாக வையுங்கள். கதைக்கு ஒரே ஒரு பெரிய பொய் போதும். ஷாவின் நாடகத்தில் வால்போல் என்றொரு சர்ஜன், மனித உடம்பில் இல்லவே இல்லாத ஓர் உறுப்பைக் கண்டுபிடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதை வெட்டி எடுக்கச் சிபாரிசு செய்வார். அந்தப் பொய்யைத் தவிர அவரைச் சுற்றி எல்லாமே நம்பும்படி இருக்கும்.

படி 5: மரியாதையைப் பெரிதாக்குங்கள்

இந்த வகைக் கதையில் யாரும் கத்தக் கூடாது. நிர்வாகத்தின் குரல் எப்போதும் குளிர்சாதனத்தில் வைத்ததுபோல் இருக்க வேண்டும். பயிற்சிக்காக ஒரு மாதிரி:

“அன்புடையீர், தங்கள் தந்தையார் நேற்று மாலை 4.10-க்கு எங்கள் சேவையை நிறைவு செய்துகொண்டார் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறோம். தாங்கள் எடுத்த பேக்கேஜ் வெள்ளிக்கிழமை வரை செல்லும். மீதமுள்ள மூன்று பிசியோதெரபிகளைக் குடும்பத்தில் வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அறையை நண்பகலுக்குள் காலி செய்யவும். பில் செட்டில் ஆனதும் தந்தையார் ஒப்படைக்கப்படுவார்.”

இதில் ஒரு வசவுகூட இல்லை. பிசியோதெரபியை விட்டுக்கொடுக்கும் அந்தக் கரிசனம்தான் கொல்கிறது. கடைசி வரி முழுக்கக் கற்பனையும் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில், பணம் பாக்கி என்று உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதையும் ஓர் உரிமையாக எழுத வேண்டியிருந்தது.

படி 6: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

வலியில் கிடப்பவரைப் பார்த்துச் சிரிக்கவைப்பது மலிவு. அமெரிக்கப் பயிற்சி டாக்டர்களைப் பற்றி சாமுவேல் ஷெம் எழுதிய ‘ஹவுஸ் ஆஃப் காட்’ (1978) கூர்மையான நாவல். ஆனால் முதிய நோயாளிகளைக் கேலி செய்யும் பக்கங்களில் அது கொஞ்சம் வழுக்குகிறது என்பது என் எண்ணம். அதற்காக நோயாளியைப் புனிதராக்கவும் வேண்டாம். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் ‘கற்பனை நோயாளி’ நாடகத்தின் நாயகர் வியாதியைக் காதலிப்பவர். “இன்ஷூரன்ஸ்தானே, ஒரு ஸ்கேன் எடுத்திருங்க டாக்டர்” என்று நம் ஆட்கள் கேட்பதும் உண்டு. அந்தக் கற்பனை நோயாளியின் வேஷத்தை மோலியேரே போட்டார். 1673 பிப்ரவரி 17-இல், நாடகம் நான்காவது முறை நடந்தபோது மேடையிலேயே உடல்நிலை மோசமாகி, அன்றிரவே இறந்தார். இப்படி ஒரு முடிவை நாம் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

படி 7: காப்பாற்ற யாரையும் அனுப்பாதீர்கள்

‘ரமணா’ (2002) படத்தில் ஏற்கெனவே இறந்தவரைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவருக்கு ‘சிகிச்சை’ நடக்கும் காட்சியைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழில் இந்த வகைக்கு அதைவிட நல்ல கரு வந்ததில்லை. ஆனால் அங்கே கதாநாயகன் விஜயகாந்த் வந்து கணக்கைத் தீர்க்கிறார், நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். உங்கள் கதையில் விஜயகாந்த் வரக் கூடாது. ஆஸ்பத்திரி மறுநாளும் ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும், முடிந்தால் புதுக் கிளையோடு.

அனுப்பும் முன்

நிஜ ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பெயரை மட்டும் மாற்றி, ஊரையும் கட்டடத்தையும் டாக்டரின் மீசையையும் அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்து. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறுக்கானது. மூன்று நான்கு ஆஸ்பத்திரிகளைப் பிசைந்து ஒன்றாக்குங்கள்.

பிறகு, பில்லிங் கவுன்டரில் வேலை பார்க்கும் யாராவது ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். “இப்படியெல்லாம் நடக்காதுங்க” என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். “இது எங்க ஆஸ்பத்திரியா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டால் பத்திரிகைக்கு அனுப்பிவிடுங்கள்.